ஜட்ஜின் தம்பி உரக்கச் சொன்ன பெயர்

டன்மோர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் இருக்கிறது. 'ஆன்சல் யோக்கம், நீதிபதி லைசாண்டர் யோக்கத்தின் தம்பி' என்று அதில் வெட்டியிருக்கிறது. வெட்டச் சொன்னவர்கள் அண்ணன் பிள்ளைகள். ஆன்சலைக் கேட்டிருந்தால் பெயரும் வேண்டாம், உறவும் வேண்டாம், வெறும் கல்லாகவே கிடக்கட்டும் என்றிருப்பான். ஆனால் உயிரோடு இருந்தபோதே அவனை யாரும் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. ஊரறிய அவனுடைய வார்த்தைக்காகக் காத்து நின்றது இரண்டு முறைதான். இரண்டும் கோர்ட் வாசலில், ஓட்டுப் போடுகிற நாளில்.

அவன் பீப்பாய் செய்பவன். கென்டக்கியில் எங்கள் பக்கம் விஸ்கி காய்ச்சாத ஓடைக்கரை கிடையாது, ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை. அப்பா சீக்கிரமே போய்விட்டார். இருந்த காசுக்கு ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்கலாம் என்றானபோது பெரியவர் லைசாண்டர் சட்டம் படிக்கப் போனார், சின்னவன் உளியைப் பிடித்தான். அதில் ஆன்சலுக்கு மனத்தாங்கல் கிடையாது. அண்ணன் கோர்ட்டில் வாதாடுகிற நாட்களில் பட்டறையைச் சாத்திவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வான். அண்ணன் பேசப் பேச இவன் உதடு அசையும்.

ஒரே ஒரு குறை. அண்ணன் அவனுக்காக நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. பன்றி ஓட்டுகிறவன் வந்தாலும் எழுந்து கைகொடுக்கிற மனிதர், தம்பி வந்தால் உட்கார்ந்தபடியே இரண்டு விரலை நீட்டுவார். "என்னடா ஆன்சல், மரத்தூளைத் தட்டிட்டு வரக் கூடாதா?" என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆன்சலும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்தபிறகு அந்த இரண்டு விரல்கள் ஞாபகம் வரும்.

அவர்களுடைய அம்மா படுக்கையில் விழுந்த குளிர்காலத்தில் அவளைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டியவள் ஹெஸ்டர். பதினைந்து வயதிருக்கும். ஹெஸ்டரும் அவள் அம்மா டோர்கஸும் அந்த வீட்டு அடிமைகள். கட்டில், குதிரை, கடிகாரம் என்று சொத்தை எண்ணும்போது அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுவது. இதைச் சொல்ல இப்போது எனக்கு வாய் கூசுகிறது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் கூசவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா இரண்டு பிள்ளைகளையும் கட்டிலருகே கூப்பிட்டாள். டோர்கஸ் குனிந்து கணப்பில் விறகு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போனப்புறம் டோர்கஸும் ஹெஸ்டரும் யாருக்கும் சொந்தமில்ல. அவங்களை விட்டுடணும். சரின்னு சொல்லுங்கடா."

"சரிம்மா" என்றார் லைசாண்டர், தெளிவாக, வக்கீல் குரலில். ஆன்சலும் சொன்னான். அந்த வாரமே அம்மா போய்விட்டாள்.

பாகம் பிரிக்கிறபோது லைசாண்டர் வேறு மாதிரிப் பேசினார். "அம்மா ஜுரத்துல உளறினது அது. காகிதம் எங்க இருக்கு? சட்டத்துக்குக் காகிதம்தான்டா காது. சரி, விட்டோம்னே வெச்சுக்கோ. புதுச் சட்டப்படி விடுதலையானவங்க மாநிலத்தை விட்டே போயிடணும். டோர்கஸ் புருஷன் அப்சலோம் இங்க வேறொருத்தருக்கு அடிமையா சணல் காட்டுல வேலை செய்றான். குடும்பத்தைப் பிரிச்ச பாவம் நமக்கு எதுக்கு?"

கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருந்தது. அண்ணன் பேசினால் எப்போதும் அப்படித்தான் இருக்கும். வீடும் டோர்கஸும் ஹெஸ்டரும் அவருக்கு என்றாயிற்று. ஓடையோரத்து நிலம் ஆன்சலுக்கு. அதில் நல்ல வெள்ளை ஓக் மரங்கள். பீப்பாய்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான்.

"வாயை அடைக்க மரமா குடுத்திருக்காரு உங்க அண்ணன்?" என்று அவன் மனைவி கெசாயா கேட்டாள். அவன் கோடரியை எடுத்துக்கொண்டு மரம் பார்க்கப் போனான்.

அடுத்த கோடையில் லைசாண்டர் எங்கள் மாவட்டத்து நீதிபதியான கவுண்டி ஜட்ஜ் பதவிக்குத் தேர்தலில் நின்றார். ஓட்டு நடக்கிற ஆகஸ்டு பிறக்கப் போகிற சமயம், டோர்கஸ் ஒரு துணி துவைக்கிற தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆன்சலின் பட்டறைக்கு வந்தாள். அவன் தொட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"எங்க ஒழுகுது?"

"ஒழுகல, சின்னய்யா. வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமே." அவள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "தெக்கேயிருந்து அடிமை வாங்கறவன் ஒருத்தன் சத்திரத்துல வந்து இறங்கியிருக்கான். நேத்து வீட்டுக்கு வந்து ஹெஸ்டரோட பல்லைப் பார்த்தான். எலெக்ஷன் முடியட்டும், இப்ப வித்தா ஊர் பேசும்னு பெரியய்யா சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு ரொட்டி வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நான் நிக்கறது அவங்களுக்கு நாற்காலி நிக்கற மாதிரி."

ஆன்சலின் கையிலிருந்த சுத்தியல் கீழே வந்தது. "நான் என்ன பண்ண முடியும், டோர்கஸ்? சட்டம் அவர் பக்கம்..."

"சட்டத்தை யாரு கேட்டா? அன்னைக்கு அந்த ரூம்ல அம்மா சொன்னதைக் கேட்டது மூணு பேரு. நான் சொன்னா எந்தக் கோர்ட்லயும் ஏறாது. பெரியய்யா காதை அடைச்சுக்கிட்டாரு. மிச்சம் நீங்கதான்." அவள் குரல் உயரவே இல்லை. "ஓட்டுப் போடற அன்னைக்கு ஊரே காதைத் தீட்டிக்கிட்டு நிக்கும். உங்க பேரைக் கூப்பிடுவாங்க. அப்ப அம்மா சொன்னதையும் அதுக்கு அவரு சரின்னு சொன்னதையும் சொல்லிடுங்க. சாகப்போற தாய்க்குக் குடுத்த வாக்கை மாத்தறவருன்னு தெரிஞ்சா சர்ச்சுக்காரங்க ஒருத்தரும் அவருக்குப் போட மாட்டாங்க. அதுக்குப் பயந்தாவது, அவளை விட்டுடறேன்னு அங்கேயே சொல்லுவாரு. ஊர் முன்னால சொல்லிட்டா அவரால மாத்த முடியாது."

"சொல்றேன்" என்றான் ஆன்சல்.

"காலையிலேயே போயிடுங்க, சின்னய்யா. பாதிப் பேரு போட்டுட்டுப் போனப்புறம் சொன்னா புண்ணியமில்ல."

"சொல்றேன்னு சொல்றேன்ல."

அவள் தொட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அன்று சாப்பாட்டில் இதைக் கேட்ட கெசாயா எழுந்து போய் அவனுடைய வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு ஆம்பளைக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு நல்ல சொல் வருவது அபூர்வம். ஆன்சல் சோளரொட்டியை இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.

ஓட்டு என்றால் எங்கள் பக்கம் வாயால் போடுவதுதான். சீட்டில் எழுதி மடித்துப் போடுகிற ஊர்க்காரர்களை முகம் காட்டப் பயந்தவர்கள் என்று கேலி செய்வோம். கோர்ட் படிக்குக் கீழே மேஜை போட்டிருக்கும். ஷெரிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் முன்னால் வந்து யாருக்கு என்று சொல்ல வேண்டும். ஷெரிப் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி திருப்பிக் கத்துவார். போட்டியிடுகிற இரண்டு பேரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு ஓட்டு விழுந்ததோ அவர் எழுந்து, தொப்பியைக் கழற்றி, தலை வணங்கி, ஓட்டுப் போட்டவனைப் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். போட்டியாளர் தன் ஓட்டை எதிராளிக்குத்தான் போடுவார். தனக்குத் தானே போட்டுக்கொள்கிறவனைப் பார்த்து எங்கள் ஊரில் நாய்கூட வாலாட்டாது.

அன்று காலை சதுக்கத்தில், ஊருக்கே காய்ச்சுகிற கறிக்குழம்பான பர்கூ அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. அணில் கறியும் சோளமும் வேகிற வாசனை தெருக்கோடி வரை வந்தது. லைசாண்டர் ஊருக்கு ஊற்றிய விஸ்கி, ஆன்சல் செய்த பீப்பாய்களில் வரிசையாக நின்றது. முதலில் லைசாண்டர் எழுந்து எதிராளி பார்னபஸ் டல்லிக்குத் தன் ஓட்டைப் போட்டார். டல்லி லைசாண்டருக்குப் போட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

ஆன்சல் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலேயே போதையில் இருந்த ஒருவன் அண்ணன் பெயரைச் சொன்னான். அண்ணன் எழுந்து வணங்கினார். பன்றி ஓட்டுகிறவன் சொன்னான், எழுந்து வணங்கினார். அம்மாவின் வார்த்தைகளை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த ஆன்சலுக்கு, நடுவில் இன்னொரு நினைப்பு புகுந்துவிட்டது. அது ஒரு அற்ப நினைப்பு. எனக்கும் எழுந்துதானே ஆக வேண்டும்?

"ஆன்சல் யோக்கம்! கவுண்டி ஜட்ஜுக்கு யாரு?"

அவன் முன்னால் போனான். கூட்டம் அடங்கியது. தம்பி யாருக்குப் போடுவான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, இருந்தாலும் பார்க்கிற ஆசை. லைசாண்டர் அவனைப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடியில் இருந்தன, எழுவதற்குத் தயாராக.

"லைசாண்டர் யோக்கம்!"

யாருடைய குரல் என்று ஆன்சலுக்கே ஒரு கணம் விளங்கவில்லை. அவ்வளவு சத்தம். எதிர்ச்சாரியில் கட்டியிருந்த குதிரைகள் தலையைத் தூக்கின. ஷெரிப் சிரித்தார். "இதை நான் திருப்பிக் கத்தணுமா என்ன?"

அண்ணன் எழுந்தார். முழுசாக எழுந்தார். தொப்பியைக் கழற்றி மற்றவர்களுக்குக் குனிந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்தார். "நன்றி, மிஸ்டர் யோக்கம்" என்றார். இரண்டு விரலை அல்ல, முழுக் கையையும் நீட்டினார். "பாருடா, தம்பிக்கே மிஸ்டர் பட்டம்!" என்று யாரோ கத்த, சதுக்கமே கைதட்டியது.

ஆன்சலுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதுதான் பிற்காலத்தில் அவனைத் தின்றது. பயந்து போய்ச் சொல்லியிருந்தால் பயந்தாங்கொள்ளி என்று தன்னைத் திட்டிக்கொண்டு போயிருப்பான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்ததே, முகமெல்லாம் சூடேறி, சிரிப்பை அடக்க முடியாமல். அந்தச் சிரிப்போடுதான் திரும்பினான். அண்ணனுடைய சாப்பாட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு டோர்கஸ் பர்கூ அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, கொடுக்க வேண்டிய இடத்துக்கு நடந்தாள்.

லைசாண்டர் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆன்சலின் ஓட்டு இல்லாமலேயே ஜெயித்திருப்பார். அந்த வாரம் முடிவதற்குள் ஹெஸ்டரை வண்டியில் ஏற்றித் தெற்கே பருத்திக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்சலோம் சேதி தெரிந்து சணல் காட்டிலிருந்து ஓடி வந்தபோது வண்டி ஆற்றைக் கடந்திருந்தது.

"எதுக்குங்க?" என்று கெசாயா கேட்டாள். "பயமா?"

"எழுந்து நின்னாரு, கெசாயா" என்றான் ஆன்சல்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு தலை குனிஞ்சதுக்கா? ஒரு பொண்ணோட உயிரைக் குடுத்து அதையா வாங்கிட்டு வந்தீங்க?" அவன் கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையை அவள் கிழித்து அடுப்புத் துடைக்கிற துணியாக்கினாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

லைசாண்டர் ஜட்ஜாக இருந்தார், பிறகு சட்டசபைக்குப் போனார். வடக்குக்கும் தெற்குக்கும் போர் வந்தபோது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டு பக்கத்துக்கும் நல்லவராகவே இருந்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் குடும்பச் சாப்பாடு. கெசாயா தலைவலி என்று நின்றுவிடுவாள். ஆன்சல் போவான், போகாமலிருக்கக் காரணம் சொல்ல வேண்டுமே. டோர்கஸ் பரிமாறுவாள். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே அவனுக்கும் பன்றித் தொடைக்கறி வைப்பாள், மோர் ஊற்றுவாள். அவள் ஒருநாள் தட்டை டொக்கென்று வைத்திருந்தால்கூட அவன் நன்றி சொல்லியிருப்பான். மேஜையில் அவனுக்கு இப்போது நல்ல மரியாதை. ஊரிலும் நாற்காலி போடுகிறார்கள். யாராவது எழுந்து நின்றால் அவசரமாகக் கையமர்த்தி உட்காரச் சொல்லிவிடுவான். சர்ச்சில் பாட்டுப் பாடும்போது வாயை மட்டும் அசைப்பான். கணீரென்று பாடக்கூடியவன்தான், அந்தக் குரலைக் கேட்கத் தனக்கே பிடிக்கவில்லை.

அடிமைகளுக்கு விடுதலை வந்த செய்தி கேட்ட அன்று டோர்கஸ் பாதிச் சமையலில் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே நடந்தாள். அவளும் அப்சலோமும் மில்லுக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். தெற்கிலிருந்து எந்தப் பிரசங்கி வந்தாலும், எந்தப் பட்டாளத்துக்காரன் வந்தாலும் அவள் போய் ஹெஸ்டரைப் பற்றி விசாரிப்பாள். ஆன்சல் ஒரு நல்ல தொட்டி செய்து, ஆள் இல்லாத சமயம் பார்த்து அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தான். மறுநாள் அது அவன் பட்டறை வாசலில் இருந்தது. வெள்ளை ஓக். எந்த நிலத்து மரம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

வருஷங்கள் போய், கறுப்பு ஆண்களுக்கும் ஓட்டு வந்தது. அந்த முதல் ஆகஸ்டில் லைசாண்டர் பழையபடி கவுண்டி ஜட்ஜ் பதவிக்கு நின்றார். தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு மேஜைக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் ஓட்டிஸ் ஹால்ஸ்டெட் என்ற புதுக் கட்சிக்காரர். சதுக்கத்தில் சிரிப்பு குறைவாகவும் துப்பாக்கி அதிகமாகவும் இருந்தது. அப்சலோம் வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் தள்ளாடி வந்து நின்றது ஆன்சல். டோர்கஸ் மரத்தடியில் நின்றிருந்தாள்.

"பேரு?" என்றார் ஷெரிப்.

"அப்சலோம்."

"குடும்பப் பேரு என்ன? உன் பழைய எஜமான் பேரா?"

"இல்ல. ஹெஸ்டர். அப்சலோம் ஹெஸ்டர். எங்க மகளோட பேரு. அவ எங்க இருந்தாலும் காதுல விழட்டும்."

ஷெரிப் தலையைச் சொறிந்தார். வழக்கம் வழக்கம்தான். "அப்சலோம் ஹெஸ்டர்!" என்று சதுக்கம் முழுக்கக் கேட்கக் கத்தினார். லைசாண்டர் தன் கைத்தடியின் பூணைப் பார்த்துக்கொண்டார். "கவுண்டி ஜட்ஜுக்கு யாரு?"

"ஓட்டிஸ் ஹால்ஸ்டெட்."

ஹால்ஸ்டெட் உட்கார்ந்தபடியே தலையை அசைத்தார். அப்சலோம் நகரவில்லை. ஷெரிப், "ஆச்சு, போ" என்றார். அப்சலோம் அப்போதும் நகரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "எனக்கு முன்னாடி போட்டவங்களுக்கு ஐயா எழுந்தாரு. நான் நிக்கறேன், அவசரமில்ல." கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஹால்ஸ்டெட் முகம் சிவந்து எழுந்தார், தொப்பியைக் கழற்றினார். "நன்றி, மிஸ்டர் ஹெஸ்டர்."

ஆன்சல் அதைப் பார்த்தான். அப்சலோம் தனக்கு வரவேண்டியதை நின்று வாங்கினான். தான் அதையே எதைக் கொடுத்து வாங்கினோம் என்று அவன் நெஞ்சு கேட்டது. காது வரை எரிந்தது.

"ஆன்சல் யோக்கம்! யாருக்கு?"

லைசாண்டர் பழக்க தோஷத்தில் எழ ஆரம்பித்துவிட்டார். கைத்தடியை ஊன்றிப் பாதி எழுந்து நின்றார்.

"ஹால்ஸ்டெட்" என்றான் ஆன்சல். குரல் எழும்பவில்லை. "எங்க அம்மா... சாகறப்ப அம்மா சொன்னாங்க. டோர்கஸையும் ஹெஸ்டரையும் விட்டுடணும்னு... அண்ணனும் நானும் சரின்னு..."

"சத்தமா, பெரியவரே! வாயில என்ன, சோளரொட்டியா?" என்றார் ஷெரிப். கூட்டம் சிரித்தது. "கதையெல்லாம் வேணாம், பேரைச் சொல்லுங்க."

"ஹால்ஸ்டெட்."

ஷெரிப் கத்தினார். பாதி எழுந்திருந்த லைசாண்டர் மெல்லத் திரும்ப உட்கார்ந்தார். மேஜையருகே இருந்த இரண்டு மூன்று பேரைத் தவிர மற்றதை யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களும் கிழவன் பிதற்றல் என்று விட்டுவிட்டார்கள். யாருக்கும் அதனால் இனி நஷ்டமில்லை. லாபமும் இல்லை.

ஆன்சல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனான். தொப்பியைக் கழற்றினான். டோர்கஸ் அப்சலோமுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"டோர்கஸ், சொல்லிட்டேன். அம்மா சொன்னதைச் சொல்லிட்டேன். உனக்குக் கேட்டுச்சா?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். அத்தனை வருஷத்துக்கப்புறம் அன்றுதான் பார்த்தாள்.

"இன்னைக்குச் சொன்னது இங்க வரைக்கும் வரல, மிஸ்டர் யோக்கம்" என்றாள். "அன்னைக்குச் சொன்னது நல்லா கேட்டுச்சு."